கடைசியில் சாப்பிடுகிறவர்

கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த கை. உறையின் ஓரம் சோப்பு நுரையில் ஊறிப்போயிற்று. மூன்றே பத்தி. முதல் பத்தி என் விண்ணப்பம் கிடைத்தது என்றது. இரண்டாவது, அதைக் கவனத்துடன் பரிசீலித்தோம் என்றது. விஷயம் மூன்றாவதில் இருந்தது: 'தங்கள் கணவர் மேற்படி பிரிவில் சமையற்காரராகப் பணியாற்றியவர். ஆகவே, பாலத்து மேட்டைக் காத்து நின்றவர்களுக்கு வழங்கப்பட்ட துணிவுப் பதக்கம் அவரது பணிப்பதிவில் இடம்பெறாததைப் பிழை எனக் கருத இயலவில்லை.' படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆகவேயாம்! ஒரு மனிதரைச் சமையற்காரர் என்று எழுதிவிட்டு அடுத்த வார்த்தையாக 'ஆகவே' போட ஒருவனுக்குக் கை வந்திருக்கிறது. அன்று காலையில் யார் சமைத்ததைத் தின்றுவிட்டு வந்து அதை எழுதினானோ.

உள்ளே இவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயதிலும் அந்தக் கத்தி பலகையில் படும் சத்தம் தையல் மெஷின் மாதிரிதான் இருக்கும்.

"என்னவாம்?" என்றார், தலையைத் தூக்காமல்.

"நீங்க சமையல்காரராம்."

"ஆமா. அதுல என்ன பொய் இருக்கு?"

இதுதான் எங்கள் வீட்டுக்காரர். எரிகிற என் வயிற்றில் எண்ணெய் ஊற்ற இவரை விட்டால் ஆளில்லை. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் எனக்கு முன்னால் இவர் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. முதல் வருடம் அதை அன்பு என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, அது படைச் சமையற்கட்டின் சட்டம். தட்டுகளை எண்ணி, கடைசி ஆள் வரைக்கும் வாங்கியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் சமைத்தவன் தன் தட்டை எடுக்கலாம். படையை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இவருக்கு மட்டும் அந்தச் சட்டம் இன்னும் ரத்தாகவில்லை. மகள் புருஷனோடு விருந்துக்கு வந்தால், "அப்பா, உக்காருங்கப்பா" என்று அது தொண்டை கிழியக் கத்தும். இவர் கரண்டியோடு சுவரில் சாய்ந்து நின்று எல்லார் தட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாலத்து மேட்டைப் பற்றி இவர் வாயால் நான் கேட்டது மொத்தமும் ஒரு பக்கத்துக்கு வராது. ஐம்பது வருடத்துக்கு முன்னால், ஆற்றுப் பாலத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு மேட்டில் முப்பத்தோரு பேர் நான்கு நாள் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தார்கள். இவருடைய அடுப்பு கீழே, கைவிடப்பட்ட ஒரு பம்ப் அறையில். விடிகாலையிலும் சாயங்காலத்திலும் இரண்டு அலுமினிய கேன்களை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவார். மேலே இருந்தவர்கள் பள்ளத்துக்குள் இருந்தார்கள். இவர் மட்டும் வெட்டவெளியில் போய் வந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை பாதி வழியில் தொடையில் குண்டு பாய்ந்தது. மீதி வழியை ஊர்ந்தே போனார். இதில் இவருக்கு இன்றைக்கும் ஒரே ஒரு வருத்தம்தான். "ஒரு கேன் சாஞ்சு போச்சு. பாதிப் பேருக்குத்தான் சூடா குடுக்க முடிஞ்சது" என்பார். அவ்வளவுதான் கதை.

ஆறு வாரம் கழித்து ராணுவ ஆஸ்பத்திரிக்கு ஓர் அதிகாரி வந்து, படுக்கை படுக்கையாகப் போய், சட்டை இல்லாமல் கட்டோடு கிடந்தவர்களின் தலையணையில் பதக்கத்தைக் குத்திவிட்டுப் போனார். இவருடைய தலையணையிலும் குத்தினார். அந்தப் பதக்கத்தை இவர் வருடத்துக்கு ஒருமுறை, பழைய வீரர்கள் கூடும் நாளில் மட்டும் போட்டுக்கொண்டு போவார். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கூட்டத்தின் வாசலில் ஒருவன் கையில் பட்டியலோடு நின்றான். புதிதாகக் கம்ப்யூட்டரில் எடுத்த பட்டியலாம். இவர் பெயரைத் தேடினான், நெஞ்சைப் பார்த்தான், மறுபடியும் பட்டியலைப் பார்த்தான். "உங்க ரெக்கார்டுல இது இல்லீங்களே. இல்லாத பதக்கத்தப் போட்டா கேசு ஆயிடும் பெரியவரே, கழட்டிடுங்க" என்றான். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்; ஒருவன் சிரித்தது என் காதில் விழுந்தது. இவர் பதக்கத்தைப் பிடித்து இழுத்தார். சட்டைத் துணி கிழிந்து பட்டாணி அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு இவர் போகவில்லை. பதக்கம் பட்டன் டப்பாவுக்குள் போயிற்று. அந்தச் சட்டையை நான் தைக்கவில்லை. எத்தனையோ கிழிசலைத் தைத்தவள்தான், அதை மட்டும் தைக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இவருடைய இதய வால்வைப் பார்த்துவிட்டு டாக்டர், "அலைச்சல் வேண்டாம், மாடிப்படி வேண்டாம்" என்று இழுத்துப் பேசினார். டாக்டர்கள் இழுத்துப் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே முதல் விண்ணப்பத்தை எழுதினேன். பொய்யன் என்ற பெயரோடு இவரை நான் அனுப்பிவைக்கப் போவதில்லை. முதல் விண்ணப்பம் படிவம் மாறிவிட்டது என்று திரும்பி வந்தது. இரண்டாவது, பதக்கம் வழங்கிய ஆணையின் நகல் கேட்டுத் திரும்பி வந்தது. ஆணை அவர்களிடமேதான் இருக்கிறது. அதில் 'மேட்டைக் காத்து நின்ற முப்பத்தோரு பேருக்கும்' என்று மட்டும் இருக்கிறது. பெயர்கள் இருந்த இணைப்புத் தாளை அலுவலகம் இடம் மாறியபோது அவர்களே தொலைத்துவிட்டார்கள். தொலைத்தவர்கள் எங்களிடம் கேட்டார்கள்! மூன்றாவதுக்குத்தான் இந்த 'ஆகவே'.

அவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. நான் முப்பத்திரண்டு வருடம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கார்ட் ரூமில் வேலை பார்த்தவள். ஒரு லட்சத்துக்கு மேல் நோயாளிக் கோப்புகள். வெளிச்சம் இல்லாத அறை. எலியோடும் டாக்டர்களோடும் மல்லுக்கட்டியே என் வயது போயிற்று. கோப்பு காணோம் என்று எவனாவது வந்து சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கோப்புக்குக் கால் கிடையாது. அது இருக்க வேண்டிய நேரத்தில் எங்கே இருந்தது என்று கேட்டால் போதும், வந்துவிடும். அதற்காகத்தான் எங்களிடம் இளஞ்சிவப்பு அட்டை உண்டு. ஒரு கோப்பு அலமாரியை விட்டு வெளியே போனால் அந்த இடத்தில் அட்டையைச் செருகுவோம். யாருடையது, எங்கே போயிற்று, எப்போது திரும்பும் என்று மூன்று வரி. ஓய்வு பெற்ற அன்று ஒரு கட்டு அட்டையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திருட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். கடைச் சாமான் எழுதுவதற்கு அதைவிட நல்ல அட்டை கிடையாது.

ஆகவே (எனக்கும் அந்த வார்த்தை தெரியும்) மறுநாளே கடிதம் அனுப்பிய அலுவலகத்தில் போய் நின்றேன். கவுன்ட்டர்காரர் என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். பழகிய முகச்சுளிப்பு, இல்லாவிட்டால்தான் எனக்கு ஏதோ குறையாக இருக்கும்.

"சர்வீஸ் புத்தகம் மொத்தத்துக்கும் நகல் வேணும்" என்றேன்.

"போன தடவயே குடுத்தாச்சேம்மா. நாப்பது பக்கம்."

"பக்கம் குடுத்தீங்க. அட்டை குடுக்கல. எனக்குப் பின்னட்டையும் வேணும், ரெண்டு பக்கமும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அட்டையில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்டார். இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெறும் அட்டையை வீட்டில் மாட்டி வைத்துக்கொள்கிறேன் என்றேன். நகல் எடுக்கிறவர்கள் எப்போதும் அட்டையை விட்டுவிடுவார்கள். அட்டை தடிமன், மெஷினில் சரியாகப் படுக்காது. ஆனால் ஒரு புத்தகம் எங்கெங்கே போய் வந்தது என்பது உள்ளே இருக்காது, அட்டையில்தான் இருக்கும். முத்திரை குத்துகிறவனுக்கு உள்ளே திறந்து பார்க்கப் பொறுமை ஏது? இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நானும் உட்கார்ந்தேன், கையில் பின்னல் ஊசியோடு. எனக்கென்ன, அவசரமா?

பின்னட்டையின் உள்பக்கத்தில் இரண்டு முத்திரை இருந்தது. மங்கல்தான், ஆனால் கல்வெட்டு மாதிரி படிக்கலாம். ராணுவ ஆஸ்பத்திரி, வரவு, ஒரு தேதி. ராணுவ ஆஸ்பத்திரி, அனுப்பியது, நான்கு மாதம் கழித்து ஒரு தேதி. பதக்கத்துக்கான ஆணை வந்த தேதி இரண்டுக்கும் நடுவில், நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே எனக்குத் தோன்றவில்லை. அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன் புத்தகமும் கூடவே போகும். எங்கள் ஆஸ்பத்திரியிலும் அதுதான் முறை. ஆணை வந்த அன்று படைப்பிரிவின் எழுத்தர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரி எழுதி, பெட்டியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். பெட்டியில் இல்லாத புத்தகத்தில் எழுத முடியுமா? அந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகி வைக்கும் புத்தி அந்த மகானுக்கு இல்லை. பிறகு இவருடைய புத்தகம் திரும்பி வந்தபோது யாருக்கும் நினைவில்லை. இவர் சமையற்காரர் என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. அடிபட்டது இவர் ஒருத்தர் மட்டும்தானா?

ரேடியோ அண்ணனை வீட்டுக்கு வரச் சொன்னேன். மேட்டில் வயர்லெஸ் பார்த்தவர். அந்த நான்கு நாளில் உடம்பில் ஒரு கீறல் கூட விழாமல் இறங்கியவர். இன்றைக்கும் இவரைக் 'கரண்டி' என்றுதான் கூப்பிடுவார். நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முப்பத்தோரு பேர் பெயரும் நினைவிருக்கிறதா என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்ட? தெனமும் சாயங்காலம் ஆள் கணக்கு மேலிடத்துக்குச் சொன்னதே நான்தான். பொண்டாட்டி பொறந்த நாள் மறந்து திட்டு வாங்குவேன், அந்த முப்பத்தோரு பேர் மறக்காது."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். தலைவரில் ஆரம்பித்து, மொட்டை, சின்னவன், பாட்டுக்காரன் என்று ஒப்பித்துக்கொண்டே போய், முப்பத்தொன்றாவதாகக் 'கரண்டி' என்று முடித்தார். இவர் சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் இறங்கியவர்களுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். ஒன்பது புள்ளி விழுந்தது.

அடுத்த இரண்டு மாதம் நான் போனும் கையுமாகத்தான் இருந்தேன். "உங்கம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்று இவர் மகளிடம் புகார் சொன்னார். சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். புள்ளி இல்லாதவர்களில் பதினொரு பேரையோ அவர்கள் வீட்டையோ பிடித்தேன். பதினொரு பேர் புத்தகத்திலும் பதக்கம் ஏறியிருந்தது. புள்ளி வைத்தவர்களில் இவர் போக எட்டுப் பேர். ஐந்து பேரைக் கண்டுபிடித்தேன். மூன்று பேர் எங்கே போனார்கள் என்று ஒரு துப்பும் கிடைக்கவில்லை. ஐந்து பேர் புத்தகத்திலும் பதக்கம் இல்லை. ஒருவருக்கு இரண்டு விரல் போனது அந்த மேட்டில்தான். மிச்ச எட்டு விரலோடு பிடிவாதமாகத் தையல்காரர் ஆனவர். அவர் போனில் மற்றவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு மட்டும்தான் இல்லன்னு நெனச்சேன்மா. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல, அதான் எழுதலன்னு இத்தன வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்" என்றார். உங்கள் புத்தகத்திலும் ஏற்றாமல் விட மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டு நான் அழுதேன். அழுகை கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு வந்தது வேறு. அடி வாங்காதவனுக்கு எழுதியிருக்கிறார்கள், அடி வாங்கினவனுக்கு எழுதவில்லை. ஒன்பது மனிதர்கள் ஒன்பது மூலையில் உட்கார்ந்து, தவறு தன்னுடையதுதான் என்று ஐம்பது வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பிரிவு அலுவலரின் அறை முதல் மாடியில். இவர் படித் திருப்பத்தில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அலுவலர் அம்மா பெரிய கண்ணாடி போட்டவர், நிதானமானவர். பின்னட்டையை நன்றாகப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார், என் பட்டியலைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"உங்க பக்கம் நியாயம் இருக்கும்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "அய்யாவோடத இந்த வாரமே ஏத்திடலாம். ஆனா மத்தவங்க பேச்ச இதுக்குள்ள கொண்டுவராதீங்க. ஒருத்தருன்னா அது திருத்தம். ஒம்பது பேருன்னா விசாரணை. மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு மூணு வருஷம் ஓடிடும்."

ஒரு தாளை நீட்டினார். அதில் இவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் உண்மையைச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. தையல்காரரும் நினைவுக்கு வரவில்லை, ஒன்பது புள்ளியும் நினைவுக்கு வரவில்லை. இவருடைய வால்வு மட்டும்தான் நினைவில் இருந்தது. இரண்டு மூன்று வருடம் எங்களிடம் இல்லை. பேனாவைத் திறந்து இவர் கையில் கொடுத்தது நானேதான்.

இவர் விரலை வரிக்கு அடியில் வைத்து மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. அதை வாய்விட்டுப் படித்தார். "இத்தவறு மேற்படி நபரைத் தவிர வேறு எவரையும் சார்ந்ததன்று." பிறகு தலையைத் தூக்கினார்.

"வேற யாரையும் சேர்ந்தது இல்லன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்? எனக்குப் பக்கத்து ஸ்ட்ரெச்சர்ல கெடந்தவன் முகம் எனக்குத் தெரியுமே."

"அவங்க தனியா வரட்டும் அய்யா. நீங்க உங்களோடத முடிச்சுக்கோங்க."

"சமையல்காரன் கடைசியிலதாம்மா சாப்பிடணும்" என்றார் இவர், ஏதோ அந்த அலுவலகத்தின் விதியை அந்த அம்மாவுக்கே எடுத்துச் சொல்வது மாதிரி. "அவங்க எட்டு பேருக்கும் போடுங்க. போட்டு முடிச்சுட்டு எனக்குப் போடுங்க." பேனாவுக்கு மூடியை மாட்டி, துடைத்து, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் நான் இவரை விட்டு வைக்கவில்லை. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"பெரிய தர்மப்பிரபுன்னு நெனப்பா உங்களுக்கு? மூணு வருஷமா நாயா அலைஞ்சது நான்."

"அலையாதன்னுதான் சொன்னேன்."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா இல்லயா? நீங்க போய்ச் சேந்த பிறகு அந்தப் புத்தகத்துல ஏத்தி நான் என்ன பண்ண?"

"நான் இல்லன்னாலும் கடைசியா எழுதிக்கலாம். வரிசை மாறக் கூடாது."

இவர் ஒரு விஷயத்தில் ஒற்றைக் காலில் நின்றால் நின்றதுதான். அந்தத் தொடை போனதிலிருந்து இவருக்கு அது நன்றாகவே பழக்கம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு நிறுத்தம் வரைக்கும் கோபம். மூன்றாவது நிறுத்தத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. தையல்காரரிடம் போனில் நான் என்ன சொன்னேன், அந்த அறையில் என்ன செய்தேன்? இந்த மனிதர் ஒரு கேன் சாய்ந்துபோனதற்கு ஐம்பது வருடம் வருத்தப்பட்டவர். நான் எட்டு பேரை ஒரு கையெழுத்தில் சாய்க்கப் பார்த்தேன். இறங்கும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். படியில் தடுமாறாமல் இருக்கத்தான் என்று இவர் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தாள் எடுத்தேன். ஒன்பது பேருக்கும் ஒரே விண்ணப்பம். பெயர் வரிசையில் கடைசியாக இவரை எழுதினேன். அனுப்பிய பத்தாம் நாள் பதில் வந்தது: சம்பந்தப்பட்டவர்களோ வாரிசுகளோ அசல் ஆவணங்களோடு, குறிப்பிட்ட ஒரு நாளில் நேரில் வரவேண்டும். வர மாட்டார்கள் என்ற தைரியம் அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. கிழவர்கள், நோயாளிகள், விதவைகள். எங்கிருந்து கிளம்பி வரப்போகிறார்கள்? நான் மறுபடியும் போனை எடுத்தேன்.

அந்த நாள் காலையில் இவர் குளித்துவிட்டு வந்தபோது, கட்டிலின் மேல் அந்தப் பழைய சட்டையை எடுத்து வைத்திருந்தேன். இவர் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இத இன்னுமா தைக்கல?"

"இன்னைக்கு வேணும்னுதான் தைக்கல."

பட்டன் டப்பாவைக் கவிழ்த்துப் பதக்கத்தை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார், ஒரு பாட்டம் சண்டை போடலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். இவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அதே ஓட்டையில் குத்தினேன்.

மாடிப்படியில் எங்களுக்கு முன்னாலேயே அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர், ஒரு கண் தெரியாத பழைய லாரிக்காரர், புருஷனின் புத்தகத்தைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அம்மா, பிளாஸ்டிக் உறையில் அப்பாவின் புத்தகத்தோடு பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, அண்ணனுக்காக வந்த தம்பி ஒருவர். சாட்சி சொல்ல ரேடியோ அண்ணன், எல்லாருக்கும் பின்னால், "ஆறாவது ஆள் வந்தாச்சு, ஏழாவது வருது" என்று கத்திக்கொண்டு. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினோம். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

தாழ்வாரத்தில் கவுன்ட்டர்காரர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். நாற்காலி வேண்டும் என்றேன். எத்தனை என்றார். ஒன்பது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டவர், ஒன்பதாவதைப் போடும்போது இவர் சட்டையைப் பார்த்துவிட்டார்.

"பெரியவரே, இது போடக் கூடாது. இன்னும் ரெக்கார்டுல ஏறல. கழட்டிடுங்க."

எனக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இவர் என்னை முந்திக்கொண்டார். குரல் உயரவில்லை.

"போன தடவ நானே கழட்டிட்டேன் தம்பி. இந்தத் தடவ நீ வந்து கழட்டு."

கவுன்ட்டர்காரர் இவரைப் பார்த்தார். பின்னால் நின்ற தையல்காரரைப் பார்த்தார், லாரிக்காரரைப் பார்த்தார். ரேடியோ அண்ணன் தன் பதக்கத்தைச் சட்டையில் சரிசெய்துகொண்டே ஓர் அடி முன்னால் வந்தார். கவுன்ட்டர்காரர் ஏதோ வேலை நினைவு வந்தவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். இவருடையது போக மூன்று நாற்காலி மீதி. நான் பையிலிருந்து மூன்று இளஞ்சிவப்பு அட்டையை எடுத்து, மடியில் வைத்து எழுதினேன். யாருடையது: மொட்டை. எங்கே போயிற்று: தெரியவில்லை. எப்போது திரும்பும் என்ற வரியை அப்படியே விட்டேன். அடுத்தது பாட்டுக்காரனுக்கு, அடுத்தது சின்னவனுக்கு. ஒரு நாற்காலிக்கு ஒன்று என்று வைத்தேன். டீச்சர் எழுந்து, காற்றாடிக் காற்றில் பறக்காமலிருக்கத் தன் பேனாவையும் சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் அவற்றின் மேல் வைத்தாள்.

அறைக் கதவு திறந்தது. கண்ணாடி போட்ட அம்மா வெளியே வந்து, எங்களை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். முதல் அட்டையை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு அதை இருந்த இடத்திலேயே, பேனாவுக்கு அடியில், நேராக வைத்தார்.

"மொதல்ல யார் வர்றீங்க?" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "நீங்க ஏன் அய்யா நிக்கறீங்க? உக்காருங்க" என்றார்.

இவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஒன்பதாவது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலில் பாரத்தைப் போட்டு, ஒரு விரலை லேசாக ஆட்டி, உதடு அசைய வரிசையை எண்ணிக்கொண்டிருந்தார். அட்டைகளையும் சேர்த்துத்தான் எண்ணினார். எட்டு வந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை ஆரம்பித்தார்.